'கம்போனென்ட் லைப்ரரி': கூறு நிரலகமா, உறுப்பகமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, தேதித் தேர்வி, எச்சரிக்கைப் பட்டை எல்லாம் சேர்ந்த எங்கள் 'கம்போனென்ட் லைப்ரரி'யை, அதாவது செயலித் திரைகளைக் கட்டும் ஆயத்தத் துண்டுகளின் தொகுப்பை, தமிழ், மலையாளம், தெலுங்குத் திரைகளுக்குப் பொதுவாக ஒரே பொதியில் வெளியிடுகிறோம். கையேட்டில்தான் குழப்பம். 'கம்போனென்ட்' வருமிடத்தில் ஒரு பக்கம் கூறு, இன்னொரு பக்கம் பாகம், மற்றொன்றில் அங்கம். 'கூறு நிரலகம்' என்று முடித்துவிடலாமா? மலையாளத்தார் சொல்லும் 'கடகம்' நமக்கு ஆகாது. தமிழில் எழுதினால் நண்டு ராசி.

செங்கோட்டையிலிருந்து:

> 'கூறு நிரலகம்' என்று முடித்துவிடலாமா?

அண்ணாச்சி, கடகம் ராசி மட்டுமில்லை, தெற்கே பனையோலைப் பெட்டியும்தான். அது போகட்டும், கூறுக்கும் எனக்கு மறுப்பு உண்டு. சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டுவார்கள், நிலத்தைக் கூறு போடுவார்கள். முழுசாக இருந்ததைப் பிரித்தால்தான் கூறு. நாம் செய்வது நேர் எதிர். பொத்தானைத் தனியே செய்து, தனியே சோதித்து, பதிப்பெண் போட்டு வைக்கிறோம். திரை பிறகுதான் வருகிறது. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய், மென்பொருளுக்கும் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உதிரிகள் வேண்டும் என்று வாதிட்டதும் இந்தப் பொருளில்தான். தேடலிலும் தொல்லை: 'கூறு' என்று தேடினால் 'கூறுகிறது', 'கூறும்' எல்லாம் வந்து நிற்கும்.

என் வாக்கு 'உறுப்பு'. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆறும் செய்யுளின் உறுப்புகள். அசை கூடிச் சீர், சீர் கூடி அடி. நம்மிடமும் சின்னமும் சொல்லும் கூடிப் பொத்தான், பொத்தானும் பெட்டியும் கூடித் தேடல் பட்டை. தளை தட்டுவதுகூட உண்டு. ஒவ்வோர் உறுப்பும் தன் வெளியோர இடைவெளியைத் தானே சுமந்தால், அடுத்தடுத்து வைக்கும்போது ஓரிடத்தில் இரட்டிக்கும், ஓரிடத்தில் ஒட்டும். உள்ளோரம் உறுப்பின் பொறுப்பு, வெளியோரம் அதை அடுக்கும் பக்கத்தின் பொறுப்பு. இதைக் கையேட்டிலேயே போட்டுவிடுங்கள்.

பக்கத்தை உலாவி பிரித்துப் பார்க்கும் 'எலிமென்ட்'டுக்குக் கூறு இருக்கட்டும். அங்கே பிரிப்பதுதானே வேலை.

குப்பத்திலிருந்து:

உடம்பை விட்டால் உறுப்பு செத்துப்போகும் சார். நம் பொத்தான் பத்துச் செயலிகளில் பிழைக்க வேண்டுமே?

செங்கோட்டையிலிருந்து:

உறுப்பு தானம் என்கிறோமே! மாற்று உறுப்பை உடம்பு தள்ளுவதும் நம்மிடம் உண்டு. பொதிக்குள்ளேயே ரியாக்டையும் (திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம்) சேர்த்துக் கட்டி அனுப்பினால், செயலியில் ஒரு ரியாக்ட், பொதியில் ஒரு ரியாக்ட் என்று இரண்டு ஓடும். ஹூக் (ரியாக்டின் வசதிகளை எடுத்தாளும் சிறப்புச் செயல்பாடு) பயன்படுத்தும் உறுப்புகள் பிழை காட்டி நிற்கும். ரியாக்டைச் சாதாரணச் சார்பாக எழுதாமல் 'பியர் டிபென்டன்சி'யாக (செயலியே தர வேண்டிய சார்பாக) எழுதி, கட்டும்போது வெளியே விட வேண்டும். செயலியில் இருப்பதையே உறுப்பும் பயன்படுத்திக்கொள்ளும்.

குப்பத்திலிருந்து:

சரி, உறுப்புக்குச் சம்மதம். ஆனால் கையேட்டில் 'எந்த மொழிக்கும் பொருந்தும்' என்று எழுதும் முன் இரண்டைத் திருத்துங்கள். பொத்தானின் வரியுயரம் 1.2, கூடவே வழிவதை மறைக்கும் விதி. தெலுங்கில் கூட்டெழுத்தின் அடியில் தொங்கும் ஒத்தெழுத்துகள் வெட்டுப்படுகின்றன. 1.6 வையுங்கள், உயரத்தைப் பிக்சலில் பூட்டாதீர்கள். இரண்டாவது, எழுத்து எண்ணிக்கை. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கில் 5. நான்கில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள 'இன்ட்ல் செக்மென்டர்' கொண்டு எழுத்துக் கொத்தாக எண்ணினால் மூன்றே வரும்.

'லைப்ரரி'க்கு என்ன? நூலகம் என்றால் எடுத்ததைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நிரலகம் பொதுச்சொல்லாக இருக்கட்டும். உறுப்புகளுக்கென்றே உள்ளது 'உறுப்பகம்'. 'உறுப்பு நிரலகம்' பேச்சில் நீளம். மூல நிரல் கிடப்பது களஞ்சியம், பதிப்பெண்ணோடு வெளியே போவது பொதி. இந்த மூன்றையும் கலக்க வேண்டாம்.

பெயர் மோதல் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர். பேருந்தில் 'ஒரு சித்தூர்' என்று கேட்டால் எல்லையைப் பொறுத்துப் பதில் மாறும். இரண்டு உறுப்பகங்கள் ஒரே தனிக்கூறுப் பெயரை ('கஸ்டம் எலிமென்ட்', அதாவது நாமே உருவாக்கும் கூறின் பெயரை) உலாவியில் பதிவு செய்தால் உலாவி அப்படி ஊகிக்காது, இரண்டாவது பதிவில் பிழை எறியும். தனிக்கூறின் பெயரில் இடைக்கோடு கட்டாயம் என்பதால், கோட்டுக்கு முன் உறுப்பகத்தின் முன்னொட்டை வைத்துவிடலாம்.

பதிப்பெண் விதியையும் சேர்க்கிறேன். 2.4.1இல் பிழை மட்டும் திருத்தினால் 2.4.2. பழையது கெடாமல் புது உறுப்பு சேர்ந்தால் 2.5.0. 'அளவு' என்ற பண்பை 'உருவளவு' என்று பெயர் மாற்றினால்கூட 3.0.0தான், ஏனென்றால் பழைய பெயரில் அழைக்கும் செயலி உடையும்.

மிச்சம் 'வேரியன்ட்', அதாவது ஒரே உறுப்பின் வெவ்வேறு தோற்றங்கள். சேவநாழி (இடியாப்ப உரல்) ஒன்றுதான், சில்லை மாற்றினால் இடியாப்பம், முறுக்கு. அதனால் 'சில்லு' என்று சொல்லத் தோன்றியது.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, சில்லு ஏற்கெனவே சிலிக்கானுக்குப் போயாச்சு. போதாததற்கு நம் உறுப்பகத்திலேயே 'சிப்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது. 'வகை' போதும்.