ஸ்லைடில் முட்டை இருக்கிறது, பிசிஆரில் பேண்ட் வரவில்லை: நெகட்டிவ் என்று எழுதலாமா?

ஜெல்லும் நானும்:
வணக்கம். கல்லீரல் தட்டைப்புழு தொற்றை மல மாதிரியிலிருந்து பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கிக் காட்டும் சோதனை) மூலம் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. மாதிரிகள் லாவோஸிலிருந்து வந்தவை. கேட்டோ-காட்ஸ் முறையில் (அளந்த மலத்தை ஸ்லைடில் பரப்பி முட்டை எண்ணுவது) முட்டை பார்த்து, பாசிட்டிவ் என்று குறித்தே அனுப்பியிருக்கிறார்கள். ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி என்ற கல்லீரல் தட்டைப்புழுவின் ஐடிஎஸ்2 டிஎன்ஏ பகுதிக்கான பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போடுகிறேன். புழுவிலிருந்தே எடுத்த டிஎன்ஏவை வைத்தால் ஜெல்லில் பேண்ட் (பெருகிய டிஎன்ஏவின் கோடு) பளிச்சென்று வருகிறது. மாதிரிகளில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. சில ஃபார்மலினில் போட்டவை, சில எத்தனாலில். டிஎன்ஏ எடுக்கச் சாதாரண ஸ்டூல் கிட், 200 மில்லிகிராம் மலம். "ஸ்லைடு பார்த்தவர் எதையோ பார்த்து முட்டை என்றிருப்பார், நெகட்டிவ் என்று போடு" என்கிறார் கைடு. போடலாமா?

சென்ட்ரிஃபியூஜ் அக்கா:
இப்போதைக்குப் போட வேண்டாம். மல மாதிரியோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஃபார்மலின் மாதிரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். முட்டையின் உருவத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல பொருள் இல்லை. டிஎன்ஏவுக்கு அதைவிடக் கெட்டதும் இல்லை. இழையைப் புரதத்தோடு சேர்த்துப் பிணைத்து, துண்டு துண்டாகவும் ஆக்கிவிடும். நீளமான பேண்டை அதில் எதிர்பார்க்காதீர்கள். நூறு, நூற்றைம்பது பேஸ் நீளத்துக்குப் பிரைமர் இருந்தால் ஏதாவது கிடைக்கலாம். ஃபார்மலினில் வராததை நெகட்டிவ் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

எத்தனால் மாதிரியிலும் வரவில்லையா? அப்போது என் சந்தேகம் ஓட்டின் மேல். தட்டைப்புழு முட்டையின் ஓடு, பதனிட்ட தோல் மாதிரி இறுகிப்போன புரதம். கிட்டில் வரும் லைசிஸ் பஃபர் (செல்லை உடைக்கும் கரைசல்) அதை லேசில் அசைக்காது. குழாயில் கண்ணாடி மணி போட்டு நன்றாக அடித்து உடையுங்கள். மணி இல்லையென்றால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதி போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், எத்தனால் போகும்வரை பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவ வேண்டும். மிச்சமிருக்கிற எத்தனாலே பிசிஆரைக் கெடுக்கும்.

அடுத்தது, தடுப்பான்கள், அதாவது பிசிஆரை நடக்கவிடாத பொருட்கள். பித்த உப்பு, பிலிருபின், சாப்பாட்டிலிருந்து வருகிற பாலிசாக்கரைடு என்று மலத்தில் இல்லாத தொல்லை இல்லை. இது சந்தேகப்பட்டு உட்கார வேண்டிய விஷயமே இல்லை, சோதித்துவிடலாம். பேண்ட் வராத மாதிரி டிஎன்ஏவில் உங்கள் புழு டிஎன்ஏவைத் துளி கலந்து ஓட்டுங்கள். அதுவும் வராமல் போனால் குற்றவாளி தடுப்பான்தான். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், ரியாக்‌ஷனில் தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள். நீர்த்தால் பேண்ட் வருகிற வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

எண்ணிக்கையையும் மறக்க வேண்டாம். கேட்டோ-காட்ஸ் அச்சில் பிடிப்பது 41.7 மில்லிகிராம். அதில் ஒரே ஒரு முட்டை என்றால் கிராமுக்கு 24 என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கில் உங்கள் 200 மில்லிகிராமில் ஐந்து முட்டை கூட முழுசாக இல்லை. முட்டை மலத்தில் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. கலக்காமல் ஓரத்திலிருந்து அள்ளினால் வெறும் மலம்தான் வரும். முடிந்தால் சலித்து, படியவைத்து, அடியில் தங்குவதிலிருந்து டிஎன்ஏ எடுங்கள்.

வார்டு நம்பர் ஏழு:
மருத்துவர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. எந்தத் தட்டைப்புழுவானாலும் பிராசிகுவான்டெல் மாத்திரைதானே கொடுக்கப் போகிறோம்? இனம் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

சென்ட்ரிஃபியூஜ் அக்கா:
மாத்திரைக்கு அவ்வளவாக வித்தியாசமில்லை டாக்டர். ஆனால் விவெரினி பித்தநாளத்தில் குடியிருக்கிறது. பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே முதல் பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை) சேர்த்துவிட்டது. ஹாப்லார்க்கிஸ் டைச்சூயி என்ற இன்னொரு தட்டைப்புழு குடலில் இருப்பது, அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டின் முட்டையும் முப்பது மைக்ரானுக்கு உள்ளேதான். இரண்டையும் பிரித்தறிய மூடி, தோள் (மூடியைச் சுற்றிய விளிம்பு), பின்முனைக் குமிழ் என்று புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். கேட்டோ-காட்ஸ் கிளிசரினில் பாதி தெளிந்த ஸ்லைடில் அந்தத் தோளைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஒரு ஊரில் எவ்வளவு பேருக்குப் புற்றுநோய் ஆபத்து என்று கணக்குப் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கேட்டவரின் மாதிரிகளுக்கும் இதுவே இன்னொரு விளக்கமாக இருக்கலாம். லாவோஸில் ஹாப்லார்க்கிஸ் தாராளம். ஸ்லைடு பார்த்தவர் முட்டையைச் சரியாகத்தான் பார்த்திருப்பார், உங்கள் பிரைமர் வேறு புழுவைக் கேட்கிறது. கைடிடம் அதையும் சொல்லுங்கள்.

ஜெல்லும் நானும்:
நன்றி அக்கா. எத்தனால் மாதிரிகளை நீர்த்து ஓட்டினேன், சிலவற்றில் பேண்ட் வந்துவிட்டது. மணி போட்டு உடைத்த பிறகு இன்னும் சில. மீதி சிலவற்றில் புழு டிஎன்ஏ கலந்தால் நன்றாக வருகிறது, கலக்காமல் இல்லை. அவை ஹாப்லார்க்கிஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சென்ட்ரிஃபியூஜ் அக்கா:
அவசரம் வேண்டாம். தடுப்பான் இல்லை என்பது மட்டும்தான் இதுவரை தெரிந்தது. டிஎன்ஏவே குறைவாக இருக்கலாம். தட்டைப்புழுக்கள் பலவற்றுக்கும் பொதுவான ஐடிஎஸ்2 பிரைமர் போட்டு, வருவதை சீக்வென்ஸ் செய்யுங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படியுங்கள். சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டை முகடு வந்தால் கலப்புத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். குளோன் செய்து (ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் தனித்தனியாகப் பெருக்கி) பிரித்துப் பாருங்கள். அதிலும் ஒன்றும் வராதவற்றை "தீர்மானிக்க இயலவில்லை" என்று தனி வரிசையில் போடுங்கள். மல மாதிரியே வைக்காத வெற்றுக் குழாய் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ எடுக்கும்போது கூடவே ஓட்டுங்கள். புழு டிஎன்ஏ மாதிரிகளில் கலந்துவிடாமல் இருக்க, டிஎன்ஏ எடுக்கும் மேசையில் அதைத் திறக்கவே கூடாது.