மாருதி வேன் 2008: நின்றால் சூடு ஏறுது, ஓடினால் இறங்குது. இன்ஜினைப் பிரித்துத்தான் ஆகணுமா?

குடியாத்தம் தவில்

எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 2008 மாடல் ஆம்னி, 8 சீட், பெட்ரோல், டிஎன் 23 நம்பர். அப்பா நாதஸ்வரம், நான் தவில். ஐந்து பேர், இரண்டு தவில், நாதஸ்வர உறை, சுருதிப் பெட்டி எல்லாம் வாங்கின நாளிலிருந்து இந்த வேனில்தான் போய் வருகிறது. ஓடினது 1,40,000 கிலோமீட்டருக்கு மேல்.

சித்திரை பாதியிலிருந்து ஒரு தொல்லை. பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் வரும்வரை டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. கிரீன் சர்க்கிளிலோ காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலோ பத்து நிமிஷம் மாட்டினால் போதும், கடகடவென்று ஏறி சிவப்பைத் தொடுகிறது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் தொடை வெந்துபோகிறது. திரும்ப ஓட ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் முள் இறங்கிவிடும்.

போன வாரம் காட்பாடியில் ஒரு கல்யாணம். காலை 6லிருந்து 7.30 முகூர்த்தம். பாலத்து மேலே வண்டி கொதித்துவிட்டது. ஓரம் கட்டிவிட்டு, தவிலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினோம். ஐயர் 'கெட்டிமேளம்' சொல்வதற்கு நாலு நிமிஷம் முன்னால்தான் போய் உட்கார்ந்தோம். அப்பா அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் ஒரு முகூர்த்தத்துக்கும் லேட்டாகப் போனதில்லை.

மெக்கானிக் முள்ளைப் பார்த்ததும் 'ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜின் இறக்கணும், 20,000 ஆகும்' என்கிறார் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடாம்). வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது, வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். 2023ல் 5,000 கட்டி ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி புதுப்பித்தோம். வைகாசியில் ஒன்பது முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இருபதாயிரம் போடலாமா, வண்டியைத் தள்ளிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா பழைய வேன்

தம்பி, இன்ஜினைப் பிரிக்க விடாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, வண்டி சூடாகி நிக்கும்போது முன்னாடி ரேடியேட்டர் ஃபேன் சுத்துற சத்தம் கேக்குதா?

ஏன் கேக்குறேன்னா, ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரைக் குளிர வச்சிடும், ஃபேன் தேவையில்ல. நிக்கும்போது காத்து கிடையாது, ஃபேன் மட்டும்தான் வேலை செய்யணும். நின்னா ஏறுது, ஓடினா இறங்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தொண்ணூறு பங்கு ஃபேன் பக்கம்தான் கோளாறு. ஹைவேல 60, 70ல போகும்போது ஏறியிருந்தா அடைச்ச ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்புன்னு தேடணும். ஹெட் கேஸ்கட் போயிருந்தா நின்னாலும் ஏறும், ஓடினாலும் ஏறும்.

ஆம்பூர் ரைடு

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள் நண்பா. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? நான் மூன்று வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்

அதை மட்டும் செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டின பிறகு திறக்கிற கதவு. அதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். பெட்ரோல் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். நின்றால் சூடாகிற கோளாறு அதனால் தீரவும் தீராது, காற்று வந்தால்தானே தண்ணீர் ஆறும்.

குடியாத்தம் தம்பிக்கு: நாளை காலை வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது மூன்று காரியம் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பாருங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் உள்பக்கம் கெட்டித் தயிர் மாதிரி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். புகைக்குழாயில் வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் நிற்காமல் வருகிறதா பாருங்கள். மூன்றும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. என் கடைப் பையன் ஒருத்தன் முகத்தைப் பொசுக்கிக்கொண்டான், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

குடியாத்தம் தவில்

அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். முன்னெல்லாம் மண்டப வாசலில் வண்டியை நிறுத்தும்போது முன்னால் 'உய்ய்ங்' என்று ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கும். அதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. தாளத்தில் அரை மாத்திரை பிசகினால் பிடித்துவிடுகிற காது, இதைக் கவனிக்கவில்லை.

மூன்றையும் இன்று காலை பார்த்தேன். குமிழி இல்லை. ஆயில் மூடி கறுப்பாகச் சுத்தமாக இருக்கிறது. புகையும் இல்லை. ஆனால் ரேடியேட்டரில் இருந்த தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

காட்பாடி சங்கர்லால் அல்ல

வேறு ஒரு பக்கம். இந்த வேனுக்கு இன்னும் செலவு செய்வதா என்று யோசியுங்கள். 1984ல் வந்த வண்டி, 2019ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஏர்பேக் கிடையாது, முன்னால் இடித்தால் நம் முழங்கால்தான் பம்பர். 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். 2028ல் அதுவும் உங்கள் கணக்கில் வரும். நான் பழைய மாருதி ஈகோ வேன் ஒன்றுக்கு மாறினேன், 1200 சிசி, ஐந்து பேரோடு மேடு ஏறும்போது வித்தியாசம் தெரிகிறது.

வாலாஜா பழைய வேன்

நீங்க சொல்றது நியாயம்தான் சார், பாதுகாப்பைப் பத்தி மறுக்க மாட்டேன். ஆனா ஒன்பது முகூர்த்தம் ஒப்புக்கிட்ட மனுசன் இந்த மாசம் வண்டி மாத்த முடியாது. 796 சிசி, மூணு சிலிண்டர், மாருதி 800ல இருந்த அதே குடும்பத்து இன்ஜின். அதுக்குத் தெரியாத மெக்கானிக் வேலூர்ல கிடையாது, சாமானும் கிடைக்குது. வைகாசி முடியட்டும், அப்புறம் நிதானமா யோசிக்கட்டும்.

தம்பி, டீ டிகாஷன் நிறம் துரு. போர் தண்ணி இனிமே ஒரு சொட்டு ஊத்தாதீங்க. வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பில வெள்ளையா உப்பு கட்டியிருக்கும் பாருங்க, அதேதான் ரேடியேட்டர்ல தலைமுடி அளவு இடுக்குக்குள்ள கட்டுது. நம்ம பக்கத்துத் தண்ணி அவ்வளவு கடினம். ஃபேனை இன்னைக்கே பாருங்க.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்

ஃபேன் பார்க்கும் முறை: முதலில் ஃபியூஸ். அது சரியென்றால் மோட்டார் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, ரிலேயோ சென்சாரோ எர்த் வயரோ கோளாறு. சுற்றவில்லை என்றால், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டார் முதுகில் லேசாகத் தட்டுங்கள். தட்டினதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கடத்துகிற கரித்துண்டு) தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையை இறக்கை பக்கம் கொண்டு போகாதீர்கள், எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது.

குடியாத்தம் தவில்

தட்டினேன். நேர் கரண்ட் கொடுத்தபோது அசையவே இல்லை. இரண்டாவது தட்டில் 'உய்ய்ங்' என்று கிளம்பி, அரை நிமிஷம் சுற்றி நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பா 'இன்னொரு தரம் தட்டுடா' என்றார். தட்டினேன், மறுபடியும் சுற்றியது. அந்தச் சத்தம் கேட்டு இரண்டு பேருக்கும் உயிர் வந்தது.

மோட்டாரைக் கழற்றி, ஆட்டோ எலக்ட்ரிகல் கடை ஒன்றில் கொடுத்தேன். உள்ளே இருந்த பிரஷ் இரண்டும் தீக்குச்சி மருந்து அளவுக்குத் தேய்ந்து கிடந்தன. புது பிரஷ், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். இருபதாயிரம் எங்கே, இது எங்கே!

ஆனால் இன்னும் ஒரு சந்தேகம். இப்போது நின்றால் முள் சிவப்புக்குப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேலே ஒரு நூல் ஏறித்தான் இறங்குகிறது. தண்ணீரும் லேசாகக் குறைகிறது.

வாலாஜா பழைய வேன்

அது உப்பு. ரேடியேட்டரைக் கழட்டி ரேடியேட்டர் கடைலயே குடுங்க. பித்தளையா இருந்தா கம்பி விட்டுக் குத்தி எடுப்பாங்க, அலுமினியமா இருந்தா மருந்து போட்டுக் கழுவச் சொல்லுங்க, குத்த விடாதீங்க. ரேடியேட்டர் மூடியைத் திருப்பி ரப்பரைப் பாருங்க. வெடிச்சிருந்தா பிரஷர் நிக்காது, தண்ணி கொதிச்சு ஆவியா போயிடும். புது மூடி போடுங்க, ரொம்ப செலவில்ல. அப்புறம் கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி.

ஊத்தும்போது அவசரப்படாதீங்க. வண்டி மூக்கு மேட்டுப் பக்கம் இருக்கற மாதிரி நிறுத்துங்க, மூடியைத் திறந்து வச்சு இன்ஜினை ஓட விடுங்க. உள்ள மாட்டின காத்து 'பொளக் பொளக்'னு வெளிய வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊத்துங்க. ஃபேன் ஒரு தடவை தானா ஓடி நிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. ரேடியேட்டர் முன்னால, இன்ஜின் சீட்டுக்கு அடியில, நடுவுல குழாய் நீளம். காத்து மாட்டினா முள் பொய் சொல்லும்.

குடியாத்தம் தவில்

தாமதத்துக்கு மன்னிக்கணும், முகூர்த்த நாட்கள். மூடி ரப்பர் நாலு இடத்தில் வெடித்திருந்தது. ரேடியேட்டரைக் கழுவினபோது வந்த சேற்றை ஒரு டப்பாவில் பிடித்து வைத்திருக்கிறேன், பார்த்தால் செம்மண் கரைசல் என்றுதான் சொல்வீர்கள். கழுவினது, மூடி, கூலன்ட் எல்லாம் 2,100.

நேற்று வள்ளிமலைக் கோயிலில் கல்யாணம். போகும்போது அதே காட்பாடி பாலத்தில் 25 நிமிஷம் நின்றோம். நல்ல வெயில். ஃபேன் மூன்று தடவை ஓடி ஓடி நின்றது, முள் பாதியைத் தாண்டவில்லை. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் 'வந்துடுச்சு, வந்துடுச்சு' என்று சொல்லிக்கொண்டே வந்தார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி முன்னாலேயே போய்விட்டோம்.

வாலாஜா அண்ணாவுக்கும் சத்துவாச்சாரி அண்ணாவுக்கும் எங்கள் ஐந்து பேர் சார்பில் நன்றி. ஈகோ யோசனை சொன்ன சாருக்கும் நன்றி, ஆடியில் கல்யாணம் இருக்காது, அப்போது விலை விசாரிக்கிறேன்.

சத்துவாச்சாரி எலக்ட்ரீஷியன்

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரு வாரம் கழித்து, வண்டி ஆறியிருக்கும் காலையில் மட்டத்தை ஒரு தடவை பாருங்கள். குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.

குடியாத்தம் தவில்

பார்த்தேன் அண்ணா. ஊற்றின மட்டத்திலேயே நிற்கிறது. பம்ப் அடியும் காய்ந்துதான் இருக்கிறது.