மூன்று டெஸ்ட் டிரைவ் முடிந்தும் குழப்பம்: மேட்டில் பின்னால் உருண்ட வண்டி, அம்மாவின் முழங்கால். உதவுங்கள்

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கோத்தகிரி. 12 வருடமாக ஒரு சின்ன கியர் வண்டி ஓட்டுகிறேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்று ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பழைய வண்டியின் தாழ்வான சீட்டில் அம்மா உட்காரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது காலும் இப்போது வலிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் கியர் போடத் தேவையில்லாத, கொஞ்சம் உயரமான சின்ன எஸ்.யூ.வி. ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். ஆன்ரோடு 13 லட்சத்துக்குள் அடங்க வேண்டும்.

போன சனிக்கிழமை ஒரே நாளில் மூன்று வண்டி ஓட்டிப் பார்த்தோம். மாருதி ஃப்ரான்க்ஸ் 1.2 ஏ.எம்.டி. (கியரைத் தானாக மாற்றும் ஒரு வகை), டாடா நெக்ஸான் பெட்ரோல் ஏ.எம்.டி., ஸ்கோடா கைலாக் ஆட்டோமேட்டிக். மூன்றுமே அவிநாசி ரோட்டில்தான். நேர் ரோடு, நானும் கணவரும் சேல்ஸ் தம்பியும் மட்டும். மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து யோசித்தால் எதுவும் தனியாக நினைவில் நிற்கவில்லை.

நின்றது இரண்டே விஷயம்.

ஒன்று: ஏ.எம்.டி. வண்டிகளில் ஒன்றை ஷோரூமின் கீழ்த்தளத்திலிருந்து சரிவு மேடையில் ஏற்றும்போது நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஓரடி பின்னால் உருண்டது. பின்னால் இன்னொரு வண்டி நின்றிருந்தது. நெஞ்சு அடைத்துவிட்டது. "அது அப்படித்தான் மேடம், பழகிடும்" என்றார்கள். அது வண்டியின் கோளாறா, என் தவறா?

எங்கள் வீட்டுச் சந்து மெயின் ரோட்டில் செங்குத்தாக வந்து முட்டும். பஸ் போகும்வரை அந்த மேட்டின் உச்சியில் நின்றுதான் ரோட்டில் ஏற வேண்டும். தினமும் காலையில் இதுதான் கதை.

இரண்டு: ஒரு வண்டியில் ஏ.சி. போட்டு நிற்கும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. புது வண்டியில் இது இருக்கலாமா?

மேட்டில் ஓட்டிப் பார்க்கணும் என்று கேட்டதற்கு, ரூட் இதுதான், மாற்ற முடியாது என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மாவை அன்று கூட்டிப் போகவும் முடியவில்லை. மலையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் பட்டறை:

வணக்கங்க டீச்சர். உங்க பயம் நியாயந்தானுங்க. ஆனா வண்டி கோளாறு இல்லீங்க, உங்க மேலயும் தப்பு இல்லை.

ஏ.எம்.டி.ன்னா உள்ள இருக்கறது சாதா கியர் பாக்ஸ், சாதா கிளட்ச். உங்க இடது கால் பண்ற வேலைய ஒரு மோட்டார் பண்ணுது, அவ்வளவுதான். நீங்க பிரேக்க விட்டு ஆக்ஸிலேட்டர மிதிக்கற வரைக்கும் கிளட்ச் முழுசா பிடிக்காது. அந்த இடைவெளியில மேட்டுல இருந்தா உருளத்தான் செய்யும். கைலாக்ல இருக்கறது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல எண்ணெய்தான் சக்திய கடத்துது. கால எடுத்தாலும் வண்டி முன்னால நகரப் பார்க்கும். ரொம்ப செங்குத்தா இருந்தா அதுவும் கொஞ்சம் இறங்கும், ஆனா இந்த அளவுக்குத் தூக்கி வாரிப் போடாது.

இப்ப வர்ற ஆட்டோமேட்டிக் வண்டிகள்ல ஹில் ஹோல்டுன்னு ஒன்னு கொடுக்கறாங்க. மேட்டுல நின்னதும் பிரேக்க பாதி மிதிச்சு வெச்சிருக்காம அழுத்தி மிதிக்கணும். அப்பதான் அது பிடிக்கும். கால எடுத்த பிறகும் ரெண்டு நொடி அளவு வண்டிய நிறுத்தி வைக்கும். அந்த ரெண்டு நொடிக்குள்ள ஆக்ஸிலேட்டர்ல கால் போயிடணும். கியர் வண்டி ஓட்டின நீங்க பிரேக்க கொஞ்சங்கொஞ்சமா விட்டிருப்பீங்க. அதுல ஹில் ஹோல்டு பிடிக்காமலே போயிருக்கலாம். பஸ் போகற வரைக்கும் நிக்கணும்னா கைபிரேக் போட்டு நில்லுங்க. ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சே வண்டிய மேட்டுல நிறுத்தி வெக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். கிளட்ச் தேஞ்சு கருகி வர்ற வண்டிகள்ல பாதி அந்தப் பழக்கத்துலதான் வருது.

நடுக்கத்துக்கு வர்றேன். நெக்ஸான், கைலாக் ரெண்டும் மூணு சிலிண்டர். ஃப்ரான்க்ஸ் 1.2 நாலு சிலிண்டர். மூணு சிலிண்டர் நின்ன இடத்துல லேசா ஆடறது இயல்பு. ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது இன்னும் கொஞ்சம் தெரியும். ஓட ஆரம்பிச்சா அடங்கிடணும். ஓடும்போதும் ஆடினாத்தான் கேள்வி கேக்கணும்.

ஏற்காடு மலைப்பாதை:

அக்கா, நான் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாடகை வண்டி ஓட்டுபவன். 20 கொண்டை ஊசி வளைவு, தினமும். அந்த அனுபவத்தில் இரண்டு சொல்கிறேன்.

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவு சக்தி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி 1,800 மீட்டர் பக்கம். ஃப்ரான்க்ஸ் 1.2 தரையிலேயே 90 குதிரை சக்தி, 113 நியூட்டன் மீட்டர் இழுவை. நாலு பேர், சாமான், ஏ.சி. என்றால் மேலே போகப் போக அழுத்தி மிதிக்க வேண்டிவரும். நெக்ஸான் டர்போ 120 குதிரை சக்தி, 170 நியூட்டன் மீட்டர். கைலாக் 115, இழுவை 178. டர்போவுக்கு இந்த மூச்சுத் திணறல் பெரிதாகத் தெரியாது. ஆனால் வளைவில் ரொம்ப மெதுவாகிவிட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். அந்த ஒரு கணத்தை நீங்களே வளைவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவிநாசி ரோட்டில் அது தெரியவே தெரியாது.

ஃப்ரான்க்ஸ்தான் பிடித்திருக்கிறது என்றால் அதிலேயே 1.0 டர்போவுக்கு 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. நீங்கள் ஓட்டியது அதுவல்ல. பெயர் ஒன்றுதான், வண்டி வேறு.

இறங்கும்போது எந்த ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்குங்கள். டி-யில் (கியர் தானாக மாறும் நிலையில்) விட்டு பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்காதீர்கள். டெஸ்ட் டிரைவில் இதையும் பாருங்கள்: மோடு மாற்றுவது உங்கள் கைக்கு எளிதாக வருகிறதா என்று.

பிசியோ தங்கை:

டீச்சர், உங்கள் அம்மாவைப் போன்றவர்களோடுதான் என் வேலை நாள் முழுக்கப் போகிறது. அதனால் எஞ்சினை விட்டுவிட்டு சீட்டுக்கு வருகிறேன்.

உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் அம்மா கை ஊன்றாமல் எழுந்திருக்கிற நாற்காலியோ கட்டிலோ எது என்று பாருங்கள். தரையிலிருந்து அதன் உயரத்தை இஞ்ச் டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷோரூமுக்கு அந்த டேப்பையும் எடுத்துப் போங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) வேறு, சீட் உயரம் வேறு. விளம்பரத்தில் முதலாவதைத்தான் போடுவார்கள்.

அடுத்தது வாசல்படி மாதிரி இருக்கிற கதவடிக் கட்டை. அது அகலமாக இருந்தால் கால் தூக்கிப் போடும்போது முழங்கால் கூடுதலாக மடங்க வேண்டும், சேலைக் கரையும் அதில் மாட்டும். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைக்காதீர்கள். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்வைக் கொஞ்சம் சரித்து, முதலில் பின்பக்கமாக உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சீட்டின் மேல் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பை போட்டால் திரும்புவது சுலபம். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வழுக்கும்.

அம்மா இல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கணக்கர் மாமா:

அம்மிணி, காசு விஷயம் சொல்றேன். நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள்ள இருந்தா 2025 செப்டம்பர் 22லிருந்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நீங்க பார்த்த மூணுமே 3,995 மில்லிமீட்டர். அந்த அஞ்சு மில்லிமீட்டர் மிச்சம் வெச்சதே இந்த வரிக்காகத்தான். இதே அளவுல பிரெஸ்ஸாவோட 1.5 பெட்ரோலுக்கு 40 சதவீதம், அத மனசுல வெச்சுக்குங்க.

அதவிட முக்கியம், நம்ம தமிழ்நாட்டு சாலை வரி. 2023 நவம்பர்ல மாத்தினாங்க. வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். 10 லட்சத்தத் தாண்டினா 18 சதவீதம், 20 லட்சம் வரைக்கும். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் உள்ள இருக்கற மாடலுக்கும் கொஞ்சம் வெளிய இருக்கற மாடலுக்கும் வரியில மட்டும் அரை லட்சம் வித்தியாசம் வரும். சன் ரூஃப் இருக்கற மேல் மாடல எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கோட்ட எந்த மாடல் தாண்டுதுன்னு எழுதிக் கேளுங்க.

ஷோரூம் கோயம்புத்தூரா இருந்தாலும் உங்க முகவரிக்கு ஊட்டி ஆர்.டி.ஓ.வுல டி.என். 43 நம்பர் வாங்குங்க. நீலகிரிக்குள்ள வர்றதுக்கு வாங்கற இ-பாஸ் தொல்லை இருக்காது.

கோத்தகிரி டீச்சர்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் என் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை ஷோரூம்களிடம், "மேட்டுப்பாளையத்துக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள், கோத்தகிரி ரோட்டில் ஏற்றிப் பார்த்துத்தான் முடிவு" என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டு வண்டி வந்தது, நெக்ஸானும் கைலாக்கும். ஃப்ரான்க்ஸ் டர்போ ஆட்டோமேட்டிக் டெஸ்ட் வண்டி பக்கத்தில் கிடைக்கவில்லை. காத்திருக்க அம்மாவின் கால் இடம் கொடுக்காது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

வீட்டில் அம்மா பிடிக்காமல் எழுந்திருப்பது பூஜை அறை பக்கத்தில் இருக்கும் பழைய மர நாற்காலியிலிருந்து. 20 அங்குலம். அப்பா உட்கார்ந்த நாற்காலி. டேப்போடு போய் நின்றபோது சேல்ஸ் தம்பிக்கு முதலில் புரியவில்லை. சொன்னதும் அவரே முட்டி போட்டு அளந்து கொடுத்தார். இரண்டு வண்டியின் முன்சீட்டிலும் அம்மாவால் உட்கார முடிந்தது. பிளாஸ்டிக் பை யோசனை அற்புதம். பழைய வண்டியில் ஏற மூன்று நிமிடம் ஆகும், இப்போது அம்மா தானாகவே திரும்பிக் காலை உள்ளே வைத்தார்கள்.

முதல் வளைவுகள் வரை நாலு பேரோடு, ஏ.சி. போட்டு ஏறினோம். இரண்டு வண்டியும் சிரமப்படாமல் இழுத்தன. ஏறும் வழியில் ஓரமாக நிறுத்தி, பட்டறை அண்ணா சொன்னபடி பிரேக்கை அழுத்தி மிதித்து, எடுத்து, உடனே ஆக்ஸிலேட்டர். ஏ.எம்.டி. ஓர் அங்குலம்கூட உருளவில்லை. அன்றைக்கு நான்தான் பயந்து பயந்து பிரேக்கை விட்டிருக்கிறேன்.

அப்புறம் முடிவு செய்தது அம்மாதான். ஏ.எம்.டி.யில் கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் தலை லேசாக முன்னால் போய் வந்தது. எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அம்மா ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றித் தாங்கிக்கொண்டார்கள். இடது கை மேல்கைப்பிடியைத் தேடிக்கொண்டே இருந்தது. டார்க் கன்வெர்ட்டரில் அந்தக் கை மடியிலேயே இருந்தது. பத்து நிமிடத்தில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மனதில் இருந்த கவலை, கைலாக்கின் 189 மில்லிமீட்டர் கிளியரன்ஸ். நெக்ஸானுக்கு 208. எங்கள் சந்தின் நடுவே சாக்கடை மூடி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கெஞ்சிக் கேட்டு வீடுவரை கொண்டுவரச் சொன்னேன், வந்தார்கள். நாலு பேரோடு மூன்று தடவை ஏற்றி இறக்கினேன், கணவர் குனிந்து பார்த்தார். தட்டவில்லை. டிக்கி 446 லிட்டர், அம்மாவின் வாக்கர் மடக்கியபடி படுத்துவிட்டது, இரண்டு பை வைக்கவும் இடம்.

கணக்கர் மாமா சொன்ன கோட்டுக்குள் எந்த ஆட்டோமேட்டிக் மாடல் வருகிறது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வந்ததும் முன்பணம். டெலிவரிக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் பட்டறை:

சந்தோஷங்க டீச்சர். முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி, நம்பர் பதிவு பண்றதுக்கும் முன்னாடி, பகல் வெளிச்சத்துல வண்டியப் பாருங்க. சேசிஸ் நம்பர் பில்லோட ஒத்துப்போகுதா, எந்த மாசம் தயாரிச்சதுன்னு பாருங்க. டயர் அஞ்சுலயும் நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். அஞ்சும் ஏறக்குறைய ஒரே காலமா இருக்கணும். மீட்டர் ரொம்ப ஓடியிருந்தா எதுக்குன்னு கேளுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, ரெண்டு சாவி கைக்கு வந்துச்சான்னு பாருங்க.

வண்டி எடுத்துட்டு மலையேறறப்ப பட்டறை வழியாத்தானே போவீங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க, காத்து செக் பண்ணித் தர்றேன். ஷோரூம்ல பெரும்பாலும் கூடுதலா அடிச்சு வெச்சிருப்பாங்க, அப்படியே போனா அம்மாவுக்குத்தான் குலுங்கும்.