75 மி.மீ. உயர்த்திய வண்டி: ஸ்டியரிங் சரியானது, இப்போது முன் ஷாஃப்ட் முனகுகிறது

மேடுபள்ளம்:
வணக்கம். மூன்று வாரமாக வண்டிக்கு அடியிலேயே குடித்தனம் நடத்துகிறேன். இனி என்னால் ஆகாது என்று தோன்றியதால் கேட்கிறேன்.

முன்னும் பின்னும் இறுகிய ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டு), நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். முன் ஆக்சிலை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள் (ஆக்சிலிலிருந்து பின்னோக்கிச் சேஸிஸுக்குப் போகும் கைகள்) பிடித்திருக்கின்றன. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கம். முன் சக்கரங்களில் ஃப்ரீவீல் ஹப் (சக்கரத்தை ஆக்சிலின் சுழற்சியிலிருந்து விடுவிக்கும் பூட்டு) கிடையாது. முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் (முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி) பக்கம் இரட்டை ஜாயிண்ட், ஆக்சில் பக்கம் ஒற்றை ஜாயிண்ட்.

75 மி.மீ. கூடுதல் உயரம் தரும் ஸ்பிரிங் போட்ட அன்றே ஸ்டியரிங்கின் குணம் மாறிவிட்டது. வளைவு முடிந்தபின் தானாக நேருக்கு வரவில்லை. நேர்ச்சாலையில் வண்டி அலைந்தது. அளந்து பார்த்தால் 4 டிகிரி இருந்த காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது. துளை மையம் விலகிய திருத்தப் புஷ்களை (மூட்டில் போடும் ரப்பர் உறைகள்) ஆர்ம்களில் போட்டதும் 3.5க்கு வந்தது, ஸ்டியரிங்கும் தேறியது.

ஆனால் அன்றிலிருந்து 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தரைத்தகட்டில் ஒரு முனகல். 80இல் கண்ணாடி கூட அதிர்கிறது. அதோடு சாலையில் சிறு மேடு வந்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது. பேன்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் கம்பி) சாய்ந்துவிட்டது என்று அதன் சேஸிஸ் முனையை 40 மி.மீ. கீழே இறக்கும் பிராக்கெட்டும் போட்டிருக்கிறேன். ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நின்றதைப் பட்டறையில் கழற்றி நேராக மாட்டித் தந்தார்கள். எதைச் சரிசெய்தாலும் இன்னொன்று கெடுகிறது. எங்கே தவறினேன்?

வேகமானி:
எனக்கும் இப்படி இழுத்தது. தடிமனான ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் குழாய்) ஒன்று போட்டேன், அடங்கிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள்.

பழையசாவி:
டேம்பர் அடக்காது, மறைக்கும். உள்ளே ஒரு புஷ் தேய்ந்திருந்தால் நமக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது அந்த ஆட்டம்தான். அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டக்கூடாது.

மேடுபள்ளம் தம்பி, பகுத்துச் சொல்லும் அளவுக்குத் தகவல் தந்திருக்கிறீர்கள், நன்றி. இரண்டு சோதனை செய்துவிட்டு வாருங்கள். ஒன்று, 80இல் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றுங்கள். முனகல் தொடர்ந்தால் இன்ஜின், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு, முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு இரு சக்கர இயக்கத்தில் அதே சாலையில் ஓட்டுங்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வகை வண்டியில் இதை அப்படியே செய்யாதீர்கள். முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பங்கிடும் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டாவிட்டால் வண்டி நகராது.)

கோணமானி:
செல்பேசியில் அதிர்வு அளக்கும் செயலி இருந்தால் 80இல் நொடிக்கு எத்தனை துடிப்பு என்று பாருங்கள். டயரின் வெளிவிட்டமும் கிரவுன் விகிதமும் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) சொல்லுங்கள்.

மேடுபள்ளம்:
நியூட்ரலிலும் அதே முனகல். ஷாஃப்டைக் கழற்றியதும் சுத்தமாக நின்றுவிட்டது, வண்டி புதிதுபோல் ஓடியது. டயர் விட்டம் 800 மி.மீ., விகிதம் 4.1. செல்பேசியை இரு இருக்கைகளுக்கு நடுவே தரையில் வைத்துப் பார்த்தேன். நொடிக்கு 72இல் ஒரு கூர்முனை நிற்கிறது. ஷாஃப்ட் பேலன்ஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கோணமானி:
இல்லை, அந்த 72தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. 800 மி.மீ. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.5 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 9 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். டயர் பேலன்ஸ் கோளாறு என்றால் துடிப்பு 9இல் இருந்திருக்கும், கையில் உதறலாகத் தெரியும். 4.1ஆல் பெருக்கினால் ஷாஃப்டின் சுற்று 36. பேலன்ஸ் போயிருந்தால் கூர்முனை அங்கே நிற்கும். உங்களுக்கு அதன் இரண்டு மடங்கு. உங்கள் ஷாஃப்டில் இருப்பதுபோன்ற சிலுவை ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஆகவே பேலன்சுக்குச் செலவழிக்காதீர்கள், ஜாயிண்டின் கோணத்தைப் பாருங்கள்.

பழையசாவி:
அவர் கணக்கு போட்டுவிட்டார், நான் கதையைச் சொல்கிறேன்.

சேஸிஸ் மேலே போனபோது ரேடியஸ் ஆர்மின் பின்முனையும் கூடவே ஏறியது. ஆர்ம் ஆக்சிலோடு இறுகப் பிணைந்தது, ஆகவே ஆக்சில் முழுதும் முன்னோக்கி உருண்டது. கிங்பின்னின் (சக்கரம் திரும்பும் அச்சு) தலை முன்னே சாய்ந்ததால் காஸ்டர் போயிற்று. அதே உருளலில் பினியனின் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் பற்சக்கரம்) மூக்கு மேலே நிமிர்ந்தது. இந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது நமக்கு உதவியாக நடந்தது. உயர்ந்துவிட்ட டிரான்ஸ்ஃபர் கேஸைப் பினியன் தானாகவே அண்ணாந்து பார்த்துக்கொண்டது. அதனால்தான் புஷ் போடும்வரை உங்களுக்கு முனகலே இல்லை.

உங்கள் ஷாஃப்டில் மேல்பக்கம் இரட்டை ஜாயிண்ட். அது தன் ஏற்றத்தாழ்வைத் தனக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். கீழே உள்ள ஒற்றை ஜாயிண்டுக்கு ஈடுகட்டத் துணை இல்லை, ஆகவே பினியனும் ஷாஃப்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நீங்கள் புஷ் போட்டு ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டினீர்கள். காஸ்டர் வந்தது, பினியன் மூக்கு தொங்கிவிட்டது. ஒரே வார்ப்பின் இரண்டு முனைகள் இவை. ஒன்றை விட்டு ஒன்றைத் திருப்ப முடியாது.

கோணம் அளந்தீர்களா?

மேடுபள்ளம்:
இன்று அளந்தேன். பினியன் ஃபிளேஞ்சில் காந்தக் கோணமானி வைத்து, பிறகு ஷாஃப்ட் குழாயில் வைத்து. வித்தியாசம் 5.5 டிகிரி. பழைய புஷ் ஒரு பக்கத்துப் பெட்டியில் கிடந்தது. வெறியில் அதையும் மாட்டி அளந்தேன்: 1.8.

கோணமானி:
வெறி வாழ்க. இந்த ஏற்றத்தாழ்வு கோணத்தின் வர்க்கத்தோடு வளரும். கோணம் மூன்று மடங்கு, ஆகவே குலுக்கல் ஒன்பது மடங்கு. முன்பு ஏன் காதில் விழவில்லை என்பதற்கும் இதுவே விடை.

மேடுபள்ளம்:
அப்படியானால் காஸ்டரா, முனகலா, ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பழையசாவி:
முறையான வழி, ஆக்சில் குழாயின் முனையில் உள்ள நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் மூட்டு) அறுத்து, வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வெல்டிங் செய்வது. பினியன் அண்ணாந்தே இருக்கும், காஸ்டர் தனியாகக் கிடைக்கும். ஆனால் அந்த வெல்டிங் விட்டுப்போனால் சக்கரமே விட்டுப்போகும். அதையே தொழிலாகச் செய்பவர் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். உயரத்தை 50 மி.மீ. ஆகக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தானாகவே போகும், அது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது ஃப்ரீவீல் ஹப். இப்போது இரு சக்கர இயக்கத்திலும் முன் சக்கரங்கள் ஷாஃப்டைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஹப்பைத் திறந்து வைத்தால் ஷாஃப்ட் நின்றுவிடும். பூட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் 20, 30 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த 5.5 டிகிரி உங்களைத் தொந்தரவு செய்யாது.

மேடு வந்தால் இழுப்பது வேறு கதை. பேன்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) இணைகோடுகளாக, கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஆக்சில் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வில்லில் ஊசலாடினால்தான் டயர் தானாகத் திரும்பாது. லிஃப்ட் (உயரம் கூட்டும் ஸ்பிரிங்) போட்டபோது இரண்டுமே சாய்ந்தன, இணையாகத்தான் சாய்ந்தன. நீங்கள் ஒன்றை மட்டும் நிமிர்த்திவிட்டீர்கள்.

கோணமானி:
தோராயமாக: இரண்டும் 900 மி.மீ. நீளம் என்று வைத்தால், 40 மி.மீ. இறக்கியதில் 2.6 டிகிரி விலகல். சக்கரங்கள் 50 மி.மீ. ஏறும்போது டிராக் லிங்க் 2 மி.மீ.க்கு மேல் தள்ளும், டயர் ஏறக்குறைய 1 டிகிரி திரும்பும். அது கையில் தெரியாமல் இருக்குமா?

பழையசாவி:
பிராக்கெட்டைக் கழற்றுங்கள். நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராட் போட்டு, சேஸிஸ் முனைப் பக்கமாக இழுபட்டிருக்கும் ஆக்சிலை நடுவுக்குத் தள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு மி.மீ. நீட்ட வேண்டிவரும்.

பட்டறையில் ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதைப் படித்ததும் தலையில் கைவைத்தேன். நேராக்க வேண்டியது டிராக் லிங்க்கின் திருகில். ஸ்டியரிங் பாக்ஸில் நட்ட நடுவே மட்டும் சற்று இறுக்கமாக அமைத்திருப்பார்கள். சக்கரத்தை மட்டும் நேராக மாட்டினால் அந்த இறுக்கம் ஓரத்தில் போய் உட்காரும், நேர்ச்சாலையில் ஆட்டத்தோடு ஓட்டுவீர்கள். இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள்.

மேடுபள்ளம்:
எண்ணினேன். நேரிலிருந்து இடப்பக்கம் 2, வலப்பக்கம் ஒன்றரை. ஐயா, நீங்கள் வண்டியைப் பார்க்காமலே சொல்கிறீர்கள்.

நீர்க்குமிழி:
இடையில் ஒன்று. சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். வண்டியை உயர்த்தினால் அது "பாரம் இல்லை" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் இருந்தால் அந்தக் கம்பியின் பிடிப்பையும் லிஃப்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆக்சில் முழுதும் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

மேடுபள்ளம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஹப் போட்டாயிற்று. 80 மட்டுமல்ல, 100இலும் முனகல் இல்லை. பிராக்கெட் போய் நீட்டக்கூடிய ராட் வந்தது, 11 மி.மீ. நீட்டியதும் ஆக்சில் நடுவில் நிற்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தைப் பழைய பல்லுக்கே மாற்றி, டிராக் லிங்க்கில் நேராக்கினேன். இரு பக்கமும் ஒன்றேமுக்கால். மேட்டில் இழுப்பு இல்லை. பிரேக் கம்பியும் இருந்தது, மாற்றிவிட்டேன்.

பழையசாவி:
மகிழ்ச்சி. ராடின் புஷ் போல்ட்களை எப்படி இறுக்கினீர்கள்? வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும்போது இறுக்கியிருக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

மேடுபள்ளம்:
ஜாக்கியில் வைத்து. நாளைக் காலை மறுபடியும் அடியில் போகிறேன்.