“ரோல் கேமராவா தம்பி?” – இசட்எஃப்பைக் கையிலெடுத்த வடசென்னைக்காரர்கள் எழுதுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

நிக்கான் இசட்எஃப் என் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. 2023 செப்டம்பரில் அறிவித்த நாளிலிருந்தே ஆசைதான். லென்ஸ் இல்லாமல் பாடி மட்டுமே ஒன்றே முக்கால் லட்சம் என்றதும் அடக்கிக்கொண்டேன். அப்புறம் முகூர்த்த சீசன் ஒன்றிரண்டு ஓடி, பழைய பாடி ஒன்றை விற்று, மீதிக்குத் தவணை போட்டு இந்த மார்ச்சில்தான் வாங்க முடிந்தது. 24.5 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம் (பழைய பிலிம் அளவு சென்சார்), நிக்கானின் இசட்8-ல் இருக்கும் அதே எக்ஸ்பீட் 7 பிராசசர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் தெருக்களில் இறங்கியபோது என்ன நடந்தது? எதிரே நின்றவர் என்ன சொன்னார்? உங்கள் கைக்கு எப்படி இருந்தது? முதலில் நான் சொல்கிறேன்.

எங்கள் நைனா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவரிடம் இருந்தது எஃப்எம்2. இசட்எஃப்பின் தோற்றம் எதிலிருந்து வந்ததோ அதே கேமரா. 1982-ல் வந்த மாடல். அதில் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்துபோனாலும் ஷட்டர் 1/4000 வரை பிசகாமல் ஓடும். மீட்டர் விளக்கு எரியாத நாளில் நைனா மண்டபத்து வெளிச்சத்தைக் கண்ணாலேயே அளந்து எடுப்பார். அவர் போன பிறகு அந்த பாடி பீரோவுக்குள் போய்விட்டது. 50 எம்எம் 1.8 லென்ஸை மட்டும் அம்மா சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் போட்டு, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு பழைய லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் பிழைப்பது லேசில்லை. அதை மாட்டுவதற்காகத்தான் நான் இந்த பாடியையே வாங்கினேன் என்று சொல்லலாம்.

நைனாவின் லென்ஸ் மாட்டுகிற வாய், அதாவது எஃப் மவுண்ட், 1959-லிருந்து இருக்கிறது. அதில் மவுண்டிலிருந்து பிலிம் வரை 46.5 மில்லிமீட்டர். இசட்எஃப்பில் இருக்கும் இசட் மவுண்டில் சென்சார் வரை 16 மில்லிமீட்டர்தான். மீதி முப்பது மில்லிமீட்டர் சொச்சத்தை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்பிக்கொடுக்கிறது. மெனுவில் இது 50 எம்எம், 1.8 என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பாடியின் ஆட்டம் குறைக்கும் வசதி நைனாவின் லென்ஸுக்கும் வேலை செய்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், போகஸ் கையால்தான் என்றாலும் எதிரே இருப்பவரின் முகத்தைக் கேமரா கண்டுபிடித்துக் கட்டம் போட்டுவிடும். பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டத்துக்குள் இருப்பதுதான் பெரிதாகிறது. வளையத்தைத் திருகித் திருகி இமை முடி தெரியும்வரை பார்த்து எடுக்கலாம்.

பழகிக்கொள்ளச் சரியான காலம் அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் லாஞ்செல்லாம் கட்டிக்கிடக்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுகிறவர்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். கையால் போகஸ் பழகுகிறவனுக்கு அதைவிடப் பொறுமையான முகங்கள் கிடைக்காது. தடை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு காலை நாலரைக்குப் போனேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். டீக்கடையில் நின்றபடியே ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) டயலை 3200-ல் வைத்தேன், ஷட்டர் 1/250, லென்ஸில் வெளிச்சத் துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையம் 2.8. கேமரா ஆஃப்பில்தான் இருந்தது. ஆஃப்பில் இருக்கும்போதே மூன்று எண்ணும் மேலிருந்து பார்த்தால் தெரிகிறது. பழைய கேமராவில் கூட்டத்துக்குள் போன பிறகுதான் குனிந்து, திரை வெளிச்சம் முகத்தில் அடிக்க, இதையெல்லாம் மாற்றுவேன். தலை நிமிர்வதற்குள் எதிரே இருப்பவர் கவனமாகிவிடுவார், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவருவார். இந்த முறை குனிய வேண்டிய வேலையே இல்லை. ஏலக்காரரின் குரலைக் கேட்டுக்கொண்டே, ஐஸ் கூடைகளுக்கு வழிவிட்டுக்கொண்டே, தலை நிமிர்ந்து நடந்தேன்.

சங்கரா கூறு வைத்திருந்த ஒரு அக்கா கூப்பிட்டார். “இன்னா தம்பி, ரோல் கேமராவா? இன்னும் ரோல் விக்கிறானா?” இல்லக்கா, புதுசு, உள்ளே டிஜிட்டல் என்று காட்டினேன். நம்பவில்லை. ஈரக் கையோடு ஷட்டர் டயலைத் திருப்பிப் பார்த்தார். டயல் பித்தளை, ஒவ்வொரு எண்ணுக்கும் டிக் என்று விழும். இரண்டு மூன்று தரம் திருப்பிவிட்டு, “இதான் கேமரா” என்றார். பிறகு என்னை மறந்துவிட்டு மீனைத் திருப்பிப் போடத் தொடங்கினார். அப்போது எடுத்ததுதான் இந்த வருடத்தில் நான் எடுத்த நல்ல படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் டயலின் வரிப்பள்ளத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. ஊசியால் எடுத்து, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து வைத்தேன்.

ஷட்டர் டயலுக்கு அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளை நெம்புகோலைப் பற்றியும் கேட்பீர்கள். தள்ளினால் வியூபைண்டரே கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. வலை பின்னும் கைகளுக்கு அருமை. ஆனால் காசிமேட்டின் நீலக் கூடைகளையும், படகு பெயின்டையும், அக்காக்களின் சேலைகளையும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ராயபுரத்திலிருந்து

தம்பி, நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போட்டோ பொழுதுபோக்காகத் தொடங்கி முப்பது வருடம் ரோலில் எடுத்தவன். டிஜிட்டல் வந்த பிறகு விட்டுவிட்டேன். மெனுவுக்குள் மெனு என்று போனது எனக்கு ஒத்துவரவில்லை.

போன மாதம் அக்கா மகன் இசட்எஃப்போடு வந்தான். ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். 1856-ல் வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். அந்தத் தூண்களில் காலை வெயில் சாய்வாக விழும், எத்தனை தரம் எடுத்தாலும் அலுக்காது. அவன் கேமராவை என் கையில் கொடுத்து எப்படி இயக்குவது என்று சொல்ல வாயைத் திறந்தான். வேண்டாம்பா என்றேன். பளிச்சென்ற வெயிலில் அப்பர்ச்சர் 16, பிலிம் (ஐஎஸ்ஓ) 100 என்றால் ஷட்டர் 125. நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம். நூறுக்குத் திருப்பினேன், 125-க்குத் திருப்பினேன். இருபது வருடம் கழித்துக் கேட்காமலே எல்லாம் கைக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

ஆனால் இடது கை லென்ஸுக்குப் போய் அப்பர்ச்சர் வளையத்தைத் தேடியது. இல்லை. அவன் மாட்டியிருந்தது 40 எம்எம். பார்க்கப் பழைய லென்ஸ் போலச் செய்திருக்கிறார்கள், ஆனால் வளையத்தில் எண்ணே கிடையாது. அப்பர்ச்சரை முன்பக்கச் சக்கரத்தால்தான் மாற்ற வேண்டும். மாற்றியது மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலில் தெரியும். அதுவும் கேமரா ஆனில் இருந்தால்தான். மூன்று எண்ணில் இரண்டு என் விரலுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. அது எனக்குக் குறையாகவே இருக்கிறது. நைனா லென்ஸோடு எடுக்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது தம்பி.

வியாசர்பாடியிலிருந்து

அண்ணே, நான் எதிர்ப்பக்கம். எங்கள் மைதானத்துப் பிள்ளைகளின் புட்பால் மேட்ச் எடுக்கிறேன், குத்துச்சண்டையும் எடுக்கிறேன். நண்பரிடம் ஒரு வாரம் கடன் வாங்கி இசட்எஃப்பை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பாடியின் எடை பிரச்சினை இல்லை. பேட்டரி, கார்டோடு 710 கிராம்தான், என் இசட்6-II-வும் ஏறக்குறைய அதேதான். பிடிதான் பிரச்சினை. முன்னால் மேடு இல்லாத தட்டையான உடம்பு. அதில் ஒன்றரை கிலோவை ஒட்டிய 70-200 ஜூம் லென்ஸை மாட்டி இரண்டு பாதி ஆட்டமும் ஓடிப்பாருங்கள். மூன்றாம் நாள் சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வலி. தனியாகப் பிடி வாங்கி அடியில் திருகலாம், ஆனால் பிடி திருகிய பிறகு அந்த அழகு எங்கே?

அடுத்தது டயல். ஓடுகிற பையனை நிறுத்த எனக்கு 1/1250 அல்லது 1/1600 வேண்டும். டயலில் 1000-க்கு அடுத்து 2000. நடுவே வேண்டுமென்றால் மூன்றிலொரு படி என்ற இடத்தில் டயலை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தால்தான் மாற்ற வேண்டும். அப்படி நிறுத்திய உடனே டயலில் எண் பார்க்கிற சுகம் போய்விட்டது. ஆட்டோ போகஸ் என் கேமராவைவிடப் பல மடங்கு தேவலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். நின்று நிதானமாக எடுப்பவருக்கு இது சரி. கோல் கம்பத்துக்குப் பின்னால் மண்டியிடுகிற எனக்கு இல்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து

பழைய லென்ஸ் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. நான் செகண்ட் ஹேண்டில் 85 எம்எம் 1.8டி வாங்கினேன். அடாப்டரில் ஆட்டோ போகஸ் ஓடும் என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். ஓடவில்லை. ஏஎஃப் என்று மட்டும் போட்ட இந்த மாதிரி ‘டி’ லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. அந்தக் காலத்து பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகு வழியாக லென்ஸைச் சுழற்றும். எஃப்டிஇசட்டில் அந்தத் திருகு இல்லை. ஆகவே கையால்தான் போகஸ். மீட்டர், அப்பர்ச்சர் எல்லாம் ஒழுங்காக வரும். ஆட்டோ போகஸ் வேண்டுமென்றால் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள், மோட்டார் அதற்குள்ளேயே இருக்கும். திருப்பிக் கேட்டதற்குக் கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை. பெயர் எழுதவில்லை; நீங்கள் ஏமாறாமல் இருந்தால் போதும்.

கல்யாணம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். இரண்டு கார்டு போடலாம், ஆனால் இரண்டாவது மைக்ரோ எஸ்டி. பேட்டரி இருக்கும் பொந்துக்குள்ளேயே போக வேண்டும். வியர்த்த விரலோடு மண்டபத்தில் நகத்தளவு கார்டை எடுத்துப் பாருங்கள், புரியும். நான் அதை உள்ளே போட்டதோடு சரி, எடுப்பதே இல்லை, பேக்கப்புக்கு மட்டும்.

பெரம்பூரிலிருந்து

ராயபுரம் ஐயா, வளையம் வேண்டுமென்றால் ஃபியூஜி பக்கம் வந்து பாருங்கள். எக்ஸ்-ப்ரோ1 வந்த 2012-லிருந்தே அவர்களுடைய பல லென்ஸ்களில் எண் பொறித்த வளையம் இருக்கிறது. சென்சார் சின்னது, அவ்வளவுதான். பழைய எக்ஸ்-டி2-வோடு நான் நிம்மதியாக இருக்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து

நான் காலேஜ் மாணவி, சொந்தமாக வாங்க வழியில்லை. இசட்எஃப்பையும் 40 எம்எம்மையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் கோயில் தெருவில் சுற்றினேன். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் எங்கள் தெருமுனை இட்லிக்கடை ஆயா. மூன்று வருடமாக அவரை எடுக்க நினைக்கிறேன். போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். “எங்கெங்கியோ போட்டுருவீங்கடி” என்பார். அன்று மேலே டயல்களோடு இந்தக் கறுப்புக் கேமராவைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஸ்டுடியோவுலருந்து வந்துகிறியா?” இல்ல ஆயா, நான்தான் என்றேன். இரு என்று உள்ளே போனார். முகம் கழுவி, பொட்டு வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் மேல் கை வைத்து நேராக உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் அப்படித்தான் உட்கார வைத்தார்களாம்.

திரையைப் பக்கவாட்டில் திறந்து மேல்நோக்கித் திருப்பி, கேமராவை இடுப்பருகே வைத்துக்கொண்டேன். அதனால் எங்கள் இருவருக்கும் நடுவே எதுவும் இல்லை. அவர் என்னைத்தான் பார்த்தார், கேமராவை இல்லை. இருபது படம் எடுத்தேன், பேசிக்கொண்டே.

“எப்போ கழுவித் தருவே?” என்று கேட்டார். ரோல் இல்லை ஆயா, இங்கேயே தெரியும் என்று திரையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இதுல பாத்தா ஆச்சா? காயிதத்துல குடு” என்றார். மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் வழியில் பிரிண்ட் போட்டேன். இப்போது அது கடைக்குள் மாவுத் தூக்குக்கு மேலே, அவர் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

மீண்டும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

தங்கச்சி, அந்தப் படத்தை ஆயாவிடம் கேட்டுவிட்டு முடிந்தால் எங்களுக்கும் காட்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடு.

வியாசர்பாடித் தம்பி சொன்ன பிடி விஷயம் எனக்கும் உண்மைதான். ஒரு நாள் ரிசப்ஷன் முழுக்க 24-70 ஜூம் லென்ஸ் மாட்டி எடுத்தேன். இனி அதற்கு வேறு பாடிதான். சின்ன லென்ஸுக்குத்தான் இந்த உடம்பு.

ராயபுரம் ஐயா, வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு உங்கள் ஸ்டேஷனுக்கே வருகிறேன், வெயில் தூணில் விழுகிற நேரம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நைனாவின் 50 எம்எம்மைக் கொண்டு வருகிறேன். அதில் வளையம் இருக்கிறது, 16-ம் இருக்கிறது.