பரணில் கிடைத்த சாவி கிராமபோன்: பாதிப் பாட்டில் குரல் இழுக்கிறது, உதவி தேவை

தேவகோட்டைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு கிராமபோன் கிடைத்தது. கறுப்பு ரெக்சின் ஒட்டி, கைப்பிடி வைத்த பெட்டி. மூடிக்குள் நாய் படமும் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் (ஹெச்.எம்.வி.) என்ற எழுத்தும் இருக்கின்றன. வெளியே குழல் கிடையாது. சாவி வலப்பக்கம் மாட்டுகிறது. முள் மாட்டும் வட்டத் தலையில் 5ஏ என்று போட்டிருக்கிறது.

சாவி கொடுத்தால் நன்றாக இறுக்கிக்கொண்டு ஏறுகிறது, தட்டும் சுற்றுகிறது. ஆனால் பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் குரல் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. நடுநடுவே உள்ளிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம். அப்போது தட்டே ஒரு குலுங்கு குலுங்குகிறது. பாடகர் உச்சத்துக்குப் போகும் இடங்களில் கரகரப்பு வேறு.

இது என்ன மாடல்? தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகும் என்கிறார் பெரியம்மா, விடலாமா? பக்கத்து ஊர் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர், “இது குழல் இல்லாத சாதாரணப் பெட்டி. இதைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் பணம் போட்டால், பித்தளைக் குழல் வைத்த அசல் ஹெச்.எம்.வி. தருகிறேன்” என்கிறார். அண்ணன் சரி என்கிறான். கொடுக்கலாமா?

பழந்தட்டு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஹெச்.எம்.வி. 102 என்றே தோன்றுகிறது. இங்கிலாந்தில் ஹேய்ஸ் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் செய்தது. 1931இல் வந்த மாடல், 1950கள் வரை ஓடியது. 5ஏ தலை இருப்பதால் அந்த வரிசையில் முற்பகுதியாக இருக்கலாம், 5பி பிறகு வந்தது. ஆனால் தலை கழற்றி மாட்டக்கூடிய பொருள். அதை மட்டும் வைத்து வருடம் குறிக்க முடியாது.

‘குழல் இல்லை’ என்பதும் தப்பு. குழல் பெட்டிக்குள்ளேயே மடங்கி ஓடுகிறது. அதன் வாய் பின்பக்கம் திறந்து, ஒலி மூடியில் பட்டு முன்னால் வருகிறது. அதனால்தான் இதை மூடியைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும்.

இப்போது அந்தப் பித்தளைக் குழல் விஷயம். எண்கோணப் பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், முகப்பில் பெரிய நாய் வில்லை. இந்த அலங்காரத்தோடு நம் நாட்டில் விற்பதில் பெரும்பகுதி சமீபத்தில் கூட்டிச் சேர்த்தது. குழலும் பெட்டியும் புதிதாக அடித்தவை. மோட்டாருக்கு என்ன செய்வார்கள்? உங்களுடையதைப் போன்ற பழைய பெட்டிகளை உடைத்துத்தான் எடுப்பார்கள். அதாவது அசலைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து, போலியை வாங்கி வரச் சொல்கிறார். உங்கள் மோட்டாரே வேறொருவர் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போய்ச் சேரும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியாவிலிருந்து வரும் பித்தளைக் குழலைப் பார்த்தாலே சிரிப்பதற்கு இதுதான் காரணம்.

தேவகோட்டைவாசி:
ஐயா, நல்லவேளை கேட்டேன். அண்ணனிடம் காட்டிவிட்டேன், இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறான். அப்படியானால் இது நல்ல விலை போகுமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி.

பழந்தட்டு:
லட்சக் கணக்கு போட வேண்டாம் என்று சொல்லுங்கள். 102 ஏராளமாக விற்ற மாடல், அதில் கறுப்புதான் அதிகம் கிடைப்பது. சிவப்பு, நீலம், பச்சை என்றால் விலை ஏறும். அசல் சாவி, அசல் சவுண்ட் பாக்ஸ் (முள் மாட்டும் அந்த வட்டத் தலை), கிழியாத ரெக்சின், துருவேறாத பூட்டு இவைதான் விலையைத் தீர்மானிக்கும். மேலே பாலிஷ் அடிக்கவோ புது ரெக்சின் ஒட்டவோ வேண்டாம், அசல் தோற்றம் போனால் மதிப்பும் போகும்.

பாட்டுத் தட்டுகள் இருக்கின்றனவா? அவற்றையும் பாருங்கள். மற்ற நாடுகள் 78ஐ (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு) நிறுத்திய பிறகும் இங்கே 1960களில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78 தட்டாக வந்தது. அப்படி ஒன்று கிடைத்தால் பெட்டியைவிடத் தட்டுக்கு விலை அதிகம்.

கடிகாரக் கடை:
தம்பி, ரிப்பேர் பக்கம் நான் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் கிட்டவே வரக் கூடாது. மார்கழிக் குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

அந்த ‘தொம்’ சத்தம் ஸ்பிரிங் டப்பாவிலிருந்து வருகிறது. உள்ளே நீளமான எஃகு ஸ்பிரிங் சுருண்டிருக்கும். அதில் போட்ட பழைய கிரீஸ் கெட்டியாகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சீராகப் பிரியாமல் திடீரென விட்டுக்கொடுக்கும்போது வரும் அடிதான் அது. குரல் இழுப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஸ்பிரிங் உடையவில்லை. உடைந்திருந்தால் சாவி இறுக்கமே இல்லாமல் சும்மா சுற்றும்.

முதலில் வேகத்தைப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணுங்கள். 78 வர வேண்டும். முள்ளை இறக்காமல் ஒரு முறை, இறக்கி ஒரு முறை.

தேவகோட்டைவாசி:
எண்ணிப் பார்த்தேன் சார். முள் இறக்காதபோது முதல் நிமிடம் 78தான். முள்ளை இறக்கினால் முதலில் சரியாக இருந்து, போகப் போக அறுபதுக்குக் கீழே போய்விடுகிறது. நானே பிரிக்கலாமா?

கடிகாரக் கடை:
அப்படியானால் ஸ்பிரிங்தான். மோட்டாரை வெளியே எடுப்பது வரை நீங்கள் செய்யலாம். பிரேக்கை விட்டு, தானாக நிற்கும் வரை முழுக்கச் சுற்றவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு திருகில்கூடக் கை வைக்கக் கூடாது. சாவி ஏறியிருக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால், பிடித்து நிறுத்த ஆளில்லாமல் பல்சக்கரங்கள் பறக்கும். விரல் போகும்.

சுழல்தட்டை இரு கையாலும் நேராகத் தூக்குங்கள், கிளிப் இருந்தால் முதலில் அதை எடுங்கள். சாவியை எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றி, மேல்பலகைத் திருகுகளை எடுத்தால் பலகையோடு மோட்டார் வந்துவிடும். கவர்னரில் மூன்று எடைகள் மெல்லிய தகட்டில் ஆடும். தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் வட்டில் உரசும் சின்னப் பட்டை காய்ந்திருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

ஸ்பிரிங் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். மோட்டார் ஓய்ந்த பிறகும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் நெருக்கிக்கொண்டுதான் இருக்கும், வெளியே இழுத்தால் சீறிக்கொண்டு வரும். சுவர்க் கடிகாரம் பார்க்கும் பழைய ஆள் யாரிடமாவது கொடுங்கள். சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்:
டப்பாவை அப்படியே மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் போதாதா அண்ணே? பலர் செய்கிறார்களே.

கடிகாரக் கடை:
செய்கிறார்கள். கிரீஸ் பாதி கரையும், மீதி அழுக்கு உள்ளேயே தங்கும். கொஞ்ச நாளில் மறுபடி ‘தொம்’. ஒரேயடியாக வெளியே எடுத்துத் துடைப்பதுதான் வேலை.

தேவகோட்டைவாசி:
காரைக்குடியில் கடிகாரக்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை, தார். இப்போது பாடகர் கிட்டப்பாவின் தட்டு ஒரு பக்கம் முழுக்க ஒரே சுருதியில் ஓடுகிறது. கரகரப்பு மட்டும் போகவில்லை.

பழந்தட்டு:
முள்ளை மாற்றினீர்களா? பெட்டியில் கிடந்த பழைய முள் என்றால் தூக்கிப் போடுங்கள். எஃகு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கும், அது முள்ளைத் தேய்த்துவிடும். தேய்ந்த முள் அடுத்த தட்டின் கோடுகளை அறுக்கும். புது முள் மாட்டி, திருகை நன்றாக இறுக்கிப் பாருங்கள்.

அப்படியும் கரகரத்தால் சவுண்ட் பாக்ஸில் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருக்கும். 5ஏயில் இருப்பது மெல்லிய அலுமினியச் சவ்வு. அதற்கு முந்தைய மாடல்களில்தான் காக்காப்பொன் (மைக்கா). அலுமினியச் சவ்வு நகம் பட்டாலே மடங்கும், நீங்கள் திறக்க வேண்டாம். அந்தக் காலத்து வார்ப்பு உலோகம் சில நேரம் உப்பி விரிசலும் விட்டிருக்கும், நெம்பினால் இரண்டாகிவிடும். தலையை மட்டும் கழற்றி, இதையே தொழிலாகச் செய்பவருக்கு அனுப்புங்கள்.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, நடுத்தாள் நனையாமல். பிற்காலத்து வினைல் எல்.பி. தட்டை இதில் போட்டால் ஒரே ஓட்டத்தில் பாழாகிவிடும், அண்ணனுக்கும் சொல்லி வையுங்கள்.