பொமரேனியன் கலப்பை அஜிலிற்றிக்குப் பழக்க வேணும், ஆராவது சொல்லித்தாங்கோ

இணுவில்_பிள்ளை:
வணக்கம். என்னட்ட ஒரு பொமரேனியன் கலப்பு நிக்கிறா, பேர் பிறவுணி, ரெண்டு வயசு முடிஞ்சிட்டுது, நிலத்தில இருந்து தோள் மட்டும் 29 சென்ரிமீற்றர், நிறை 5 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சரியான சுறுசுறுப்பு, பின் வளவில வாழையளுக்கு இடையால சுழண்டு சுழண்டு ஓடுறதும் கிணத்துக்கட்டில ஏறிக் குதிக்கிறதும் தான் நாள் முழுக்க. யூரியூப்பில கிறஃப்ற்ஸ் எண்ட இங்கிலாந்து நாய்க் கண்காட்சியில அஜிலிற்றி, அதுதான் நாயைத் தடை தாண்டி வளைஞ்சு நெளிஞ்சு ஓட விடுற போட்டி, பாத்ததில இருந்து இவளையும் பழக்க வேணுமெண்டு ஒரே யோசினை. யாழ்ப்பாணத்தில உதைப் பழக்கிற ஆக்கள் ஒருத்தரும் என்ர கண்ணில படேல்லை, அதால தான் இஞ்ச கேக்கிறன். தடை எவ்வளவு உயரத்தில வைக்கிறது, சாமானுகளை வீட்டிலயே செய்யலாமோ, இந்த வெயிலுக்க எத்தினை மணிக்கு ஓட விடுறது? இன்னொண்டு, வேகமா ஓடேக்க சிலவேளை ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூண்டு காலில ரெண்டு மூண்டு எட்டு வைச்சிட்டு திரும்ப வழமை போல ஓடுவா. அம்மா நெருஞ்சி முள்ளெண்டு சொல்லுறா, பாதத்தைப் பாத்தா ஒண்டும் இல்லை.

செம்மண்_காரன்:
நல்ல விசயம், செய்யுங்கோ. ஹாட்வெயாரில எஸ்லோன் பைப்பும் எல்போவும் வாங்கினா தடை, வீவ் கம்பு (நாய் இடையால வளைஞ்சு வளைஞ்சு ஓடுற கம்பு வரிசை) எல்லாம் வீட்டிலயே செய்யலாம். ஒண்டில மட்டும் கவனம், தடையின்ர குறுக்குத்தடி சும்மா ஏந்தியில இருக்க வேணும், கால் பட்ட உடன விழ வேணும், இறுக்கிக் கட்டின தடியில அடிபட்டா நாய்க்குக் கால் போயிடும். எஃப்சிஐ எண்ட உலக நாய்ச் சம்மேளனத்தின்ர விதியில 35 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்ச நாய் சின்ன வகுப்பு, தடை 25 இல இருந்து 30 சென்ரிமீற்றர். வீவ் கம்பு போட்டியில 12, இடைவெளி 60 சென்ரிமீற்றர், முதல் கம்பு நாயின்ர இடது தோள்ப் பக்கம் வர உள்ளிட வேணும். பழக்கேக்க ஆறு கம்பு காணும், ரெண்டு வரிசையா ஒழுங்கை மாதிரி நட்டு நடுவால நேர ஓட விட்டு, பேந்து கொஞ்சம் கொஞ்சமா ரெண்டையும் கிட்டக் கொண்டு வாங்கோ. ரனலுக்கு, அதுதான் நாய் உள்ளால ஓடுற குழாய்க்கு, தறப்பாளைத் தைச்சு உள்ளுக்கு வளையம் போடலாம், வாய் 60 சென்ரிமீற்றர் அகலம், ரெண்டு பக்கமும் மண்மூட்டை வைச்சு அசையாமல் பிடிக்க வேணும். சோளகக் காத்துக்கு ஒருக்கா ஆடிப் பயந்துதெண்டா பிறகு உள்ள போகாது.

மருந்துப்பெட்டி:
பொறுங்கோ, தடை கட்ட முதல் அந்தக் காலைக் காட்டுங்கோ. நான் மிருக வைத்தியசாலையில வேலை செய்யிற ஆள், நீங்கள் சொல்லுறது முள்ளு மாதிரித் தெரியேல்லை. சின்ன இனங்களில, பொமரேனியனில கனக்க, முழங்கால் சிரட்டை அது இருக்கிற குழியை விட்டு உட்பக்கமாச் சறுக்கும், நாய் காலைத் தூக்கி ஒருக்கா நீட்டி உதற திரும்பத் தன்ர இடத்தில வந்து இருக்கும், அது தான் அந்த ரெண்டு மூண்டு எட்டு. வைத்தியர் கையால தடவியே எந்த நிலையெண்டு சொல்லுவார், ஒண்டில இருந்து நாலு மட்டும் இருக்கு. அதுவரைக்கும் கிணத்துக்கட்டு வேண்டாம். கழுத்துப்பட்டியில கட்டி இழுக்கவும் வேண்டாம், இந்த இனத்துக்குத் தொண்டைக் குழாய் பலவீனம், நெஞ்சுப்பட்டி போடுங்கோ.

இணுவில்_பிள்ளை:
காட்டினனான். இடது பின்னங்கால், ரெண்டாம் நிலையாம். இப்போதைக்கு ஒப்பரேசன் வேண்டாம், நிறையைக் குறை, தசையைப் பலப்படுத்து, திரும்பக் காட்டுமட்டும் பாய விடாதை எண்டு சொன்னார். சரியான கவலையாக் கிடக்கு, அப்ப அஜிலிற்றியை விடுறதோ?

ஸ்காபரோ_அக்கா:
விடாதேங்கோ பிள்ளை. நான் ரொறன்ரோவில சின்ன வகுப்பில நாய் ஓட்டுற ஆள், இஞ்ச பழக்கிற ஆக்களும் முதல் கொஞ்சக் காலம் தடையே வைக்க மாட்டினம். குதிரைப் பாய்ச்சல் போட்டியைப் பாத்துத் தான் 1978 இல கிறஃப்ற்ஸில இதை இடைவேளையில சனத்துக்குக் காட்டத் தொடங்கினவை, அதால எல்லாருக்கும் பாயுறது தான் கண்ணுக்குத் தெரியுது. உண்மையில ஒரு நாய் வெல்லுறதும் தோக்கிறதும் திரும்புற இடத்தில, அதைத் தரையிலயே பழக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது பின்பக்கத் தசை. வைத்தியரிட்டக் கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ. முதல் நடை, ஓட்டமில்லை, ஆறுதலான நடை. மெல்ல நடக்கேக்க தான் நாலு காலையும் ஊண்ட வேண்டி வரும், கெதியா ஓடினா நோகிற காலை ஒளிச்சுப்போடும். பிறகு இருந்து எழும்புறது. தும்புத் தடுக்கு மேல நிக்க வைச்சு இருத்துங்கோ, ரெண்டு முழங்காலும் உடம்போட ஒட்டி நேரா இருக்க வேணும், ஒரு கால் வெளியால சரிஞ்சா அது கணக்கில்லை, திரும்ப எழுப்பி இருத்துங்கோ. ஒழுங்கா அஞ்சு தரம் செய்தாலே காணும், களைச்சு உடம்பு சரியத் தொடங்க முதல் நிப்பாட்ட வேணும். மூண்டாவது, ஒரு தட்டையான பலகையில முன்னங்கால் ரெண்டையும் வைக்கச் செய்து, நீங்கள் சுத்த அவ பின்னங்காலால சுத்தி வர வேணும். கன நாய்க்குத் தனக்குப் பின்னங்கால் இருக்கிறதே தெரியாது, இதைப் பழகின நாய் வளைவில வழுக்காது. வீட்டுக்குள்ள ரைல்ஸ் எண்டா அவ ஓடுற இடமெல்லாம் பாய் விரியுங்கோ, பாதத்துக்கு இடையில வளர்ற மயிரையும் நகத்தையும் வெட்டுங்கோ, வழுக்கிற தரை அந்தச் சிரட்டைக்கு எதிரி.

வெயிலுக்கு விடிய ஆறு மணி, இல்லாட்டி பொழுது பட்டாப் பிறகு. புறங்கையை நிலத்தில வைச்சுப் பாருங்கோ, உங்களுக்குச் சுட்டா அவவுக்கும் சுடும். வெக்கை எண்டு மயிரை ஒட்ட வழிச்சுப்போடாதேங்கோ, பொமரேனியனுக்குத் திரும்ப ஒழுங்கா முளைக்காமலும் விடும். பரிசுக்கு அவிச்ச கோழி, பயறளவு துண்டு, அதைச் சாப்பாட்டில கழிக்க வேணும், நிறை குறையிறது தான் பாதி மருந்து. வளவில முந்திரிகை (திராட்சை)ப் பந்தல் இருந்தா விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளுங்கோ, முந்திரிகைப்பழமும் வத்தலும் நாயின்ர சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

இன்னொரு விசயம், ஹூப்பர்ஸ் எண்டு தேடிப் பாருங்கோ. பாய்ச்சல் ஒண்டும் இல்லை, நிலத்தில நட்ட வளைவுகளுக்குள்ளாலயும் ரனலுக்குள்ளாலயும் பீப்பாயைச் சுத்தியும் ஓடுறது தான், நீங்கள் தள்ளி நிண்டு கையாலயும் குரலாலயும் வழி காட்டுவியள். வைத்தியர் ஓட விடச் சொன்னாப் பிறகு பிறவுணிக்கு அது தான் சரி.

இணுவில்_பிள்ளை:
பாத்தன் அக்கா, அது அவளுக்கெண்டே செய்த மாதிரிக் கிடக்கு! சும்மா இருந்து எழும்பத் தொடங்கியிருக்கிறம், இடது கால் வெளியால தான் சரியுது, சரியா வைச்சா மட்டும் தான் கோழி. வளைவு எதில செய்யிறது?

செம்மண்_காரன்:
கிணத்துத் தண்ணிக்குப் போடுற கறுத்தக் குழாய் வாங்குங்கோ, கையாலயே வளையும், எஸ்லோனைச் சூடாக்கி வளைக்கிற வேலை மிச்சம். ரெண்டு முனைக்கும் கம்பித் துண்டு அடிச்சு அதுக்கு மேல குழாயைச் செருகுங்கோ, கம்பி வெளியால தெரியக் கூடாது. நிலம் இப்ப காய்ஞ்சு கல்லாக் கிடக்கும், முதல் நாள் பின்னேரம் தண்ணி விட்டா லேசா இறங்கும். நான் கோண்டாவில் தான், வைத்தியர் ஓம் எண்டு சொன்னாச் சொல்லுங்கோ, வந்து நட்டுத் தாறன்.